வந்தவர் வரைந்த யாழ்ப்பாணம்

வட்டுக்கோட்டைத் தேவாலயத்தை அச்சிலே காட்டிய மிகப் பழைய படங்களில் ஒன்று வட்டுக்கோட்டையிலும் அச்சாகவில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்திலும் அச்சாகவில்லை. 1672ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்தின் அம்ஸ்ரடாம் நகரிலே, செப்புத் தகட்டிலிருந்து கடதாசிக்கு ஏறியது அது. அந்தப் படம் இடம்பெற்ற பெரிய நூலிலே தெல்லிப்பழை, மல்லாகம், மயிலிட்டி, அச்சுவேலி, உடுவில், பண்டத்தரிப்பு, சங்கானை, மானிப்பாய், நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று எங்கள் ஊர்ப் பெயர்கள் ஒல்லாந்தரின் நாவுக்கு ஏற்ப உருமாறி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவ்வூர்களுட் பலவற்றுக்கு, தேவாலயமும் அதன் பக்கத்திலே ஒரு வீடுமாகப் படமும் உண்டு.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று கண்ணாற் காண விரும்புகிறவருக்கு, இப்படங்களை விட்டால் வேறு போக்கிடம் அதிகம் இல்லை. எங்கள் முன்னோர் ஏட்டில் எழுதிவைத்தவை உண்டு. வையாபாடலும் கைலாயமாலையும் யாழ்ப்பாண வைபவமாலையும் அரசர்களையும் குடியேற்றங்களையும் கோயில்களையும் சொல்கின்றன. ஆனால் அவை சொல்லிலே நிற்பவை. ஒரு தெருவின் தோற்றத்தை, ஒரு கட்டடத்தின் முகப்பை, அதன் முன்னே நிற்கும் மரத்தைக் கோடாகப் பிடித்து வைத்தவர்கள் கடல் கடந்து வந்தவர்களே.

வேற்று நாட்டுக்குப் போனவர் அங்கே வெயிலில் நின்று வரைந்த படங்கள், வரையப்பட்ட ஊருக்கு என்ன ஆகின்றன? அவை அவருடைய சொத்தா, எங்களுடைய சொத்தா? இக்கேள்வியை யாழ்ப்பாணத்தை வைத்தே இன்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த நூலை எழுதியவரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பிலிப்பஸ் பால்தேயு 1632இல் டெல்ப்ற் நகரிலே பிறந்தவர். போர்த்துக்கேயரின் யாழ்ப்பாணக் கோட்டை 1658 ஜூன் மாதத்தில் ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தபோது, அந்தப் படையோடு வந்த பாதிரியார் அவர். 1665 வரை யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தார். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற நான்கு பகுதிகளையும் தீவுகளையும் சுற்றி வந்தார். பருத்தித்துறையிலே அவர் பிரசங்கம் செய்த புளியமரத்தைப் பிற்காலத்தவர் அவருடைய பெயராலேயே அழைத்தார்கள். அந்த மரம் நெடுங்காலம் நின்று, கடந்த நூற்றாண்டின் அறுபதுகளில் வீசிய புயலில் சாய்ந்தது. மலபாரையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் பற்றிய அவருடைய பெருநூல் 1672இல் வெளிவந்தது. அவருடைய ஆயுளும் ஏறக்குறைய அக்காலத்திலேயே முடிந்தது. நாற்பது வயது நிரம்பவில்லை. நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ப்ற். பால்தேயு பிறந்த ஊரின் பெயர் இன்றும் எங்கள் படகுத்துறையிலே புழங்குகிறது.

நூல் அவர் பெயரால் அறியப்படுகிறது. படங்களும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. அவற்றை முதலில் வரைந்த கையின் பெயர் எவர் வாயிலும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கை இருந்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரின் தேவாலயத்தையும் மற்றதிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் படங்களை, ஊரைக் காணாத ஒருவர் கற்பனையில் இழுத்திருக்க இயலாது. யாரோ ஒருவர் வேலியோரத்திலோ மரநிழலிலோ நின்று பார்த்துக் கோடிட்டிருக்கிறார். எங்கள் மண்ணிலே வெளியில் நின்று வரைந்த ஓவியர் வரிசைக்குத் தலையில் நிற்பவர் பெயரில்லாத அந்த மனிதரே.

அந்தக் கோடு நூலுக்கு வந்த வழியையும் அறியவேண்டும். நேரில் வரைந்தது ஒரு கைப்படி. அது கப்பலேறி ஒல்லாந்துக்குப் போகிறது. அங்கே செதுக்குத் தொழிலாளி ஒருவர் அதைப் பார்த்துச் செப்புத் தகட்டில் உளியாற் கீறுகிறார். கீறலுக்குள்ளே மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் கடதாசியை வைத்து உருளையால் அழுத்தினால் படம் விழும். தகட்டில் இடமாக இருப்பது கடதாசியில் வலமாகும். ஆகையால் செதுக்குபவர் கண்ணாடியிற் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் மாற்றிக் கீறவேண்டும். கண்டவர் ஒருவர், கீறியவர் இன்னொருவர். கீறியவர் பனையை நேரிலே கண்டிருக்க வாய்ப்பில்லை. பனைக்கும் தென்னைக்கும் ஈச்சைக்கும் உள்ள பேதத்தை அம்ஸ்ரடாமில் யாரிடம் போய்க் கேட்பது? எனவே இப்படங்களில் மரத்தைப் பார்த்துத் தாவரவியல் பேசுவது வீண். கட்டடத்தின் வடிவத்தையும் இருப்பையும் நம்பலாம். இலையையும் நிழலையும் அவ்வளவாக நம்ப இயலாது.

இனி, அந்த மனிதர் ஏன் வரைந்தார்? அழகுக்காக என்று சொல்வதற்கில்லை. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே முப்பதுக்கு மேற்பட்ட கோயிற்பற்றுகளை ஏற்படுத்தியிருந்தார்கள். நாட்டோடு சேர்த்து அந்தக் கட்டடங்களும் ஒல்லாந்தருக்குக் கிடைத்தன. கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாயின. பக்கத்திலே பாடசாலை நடந்தது. எந்த ஊரில் என்ன இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையெல்லாம் பால்தேயு கணக்காக எழுதினார். படங்களும் அந்தக் கணக்கின் ஒரு பகுதியே. யாழ்ப்பாணத்தவருக்குத் தோம்பு என்ற சொல் தெரியும். காணி யாருடையது, எல்லை எது, பனை எத்தனை என்று பறங்கியரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த பேரேடு அது. பால்தேயுவின் படங்களை நான் சித்திரத் தோம்பு என்றே கருதுகிறேன். புதிதாகக் கைக்கு வந்த உடைமையை அதன் புதிய உடைமையாளர் கண்ணால் அளந்து பார்த்த பதிவு அது.

இதனை மனத்தில் வைத்துக்கொண்டு நல்லூரைப் பாருங்கள். எங்கள் அரசின் தலைநகர் நல்லூர். அங்கிருந்த கந்தசுவாமி கோயிலை 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறா இடித்தான். இன்று நாம் வணங்கும் கோயில் வேறோர் இடத்திலே 1734இல் தோன்றியது என்பர். பால்தேயு நல்லூரைப் பார்த்த காலம் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. ஆகவே அவருடைய நல்லூர் ஒரு தேவாலயத்தின் ஊர். அந்தப் பதிவு பொய்யில்லை. கண்ணுக்கு முன்னே இருந்ததையே காட்டுகிறது. ஆனால் அந்த வெளியிலே முன்பு என்ன நின்றது, அது ஏன் இப்போது இல்லை என்பதை அது காட்டாது. காட்ட வேண்டிய தேவையும் அதற்கில்லை. தோம்பிலே இருப்பதுதான் பதியப்படும். இல்லாமற் போனது பதியப்படாது.

செவிவழியாக வந்த ஒரு செய்தியும் யாழ்ப்பாணத்திலே உண்டு. அந்நியர் ஆட்சியிலே விரத நாளில் இலை போட்டு உண்டவர்கள், அந்த இலையை வெளியிலே எறிந்தால் சைவர் என்று அடையாளம் தெரிந்துவிடும் என அஞ்சி, கூரையின் இறப்பிலே செருகி மறைத்தார்களாம். அக்கதையை எங்கள் பாட்டிமார் தங்கள் பாட்டிமாரிடமிருந்து கேட்டுச் சொன்னார்கள். வெளியே நின்று வரைபவர் கூரையை வரையலாம். இறப்பையும் வரையலாம். இறப்பிலே செருகியிருக்கும் இலையை வரைய முடியாது. வந்தவருடைய ஓவியத்தின் எல்லை எது என்று யாராவது கேட்டால், நான் இந்த இலையைத்தான் காட்டுவேன்.

பால்தேயுவுக்குப் பின் ஒரு நூற்றாண்டும் இருபது ஆண்டுகளும் கடந்து, பிரித்தானிய ஓவியர்களின் காலம் வருகிறது. அவர்கள் வரைந்த காரணம் வேறு. அவர்கள் காட்சியைத் தேடி வந்தவர்கள். தோமஸ் டானியலும் அவருடைய சகோதரரின் மகனான வில்லியம் டானியலும் 1786 தொடக்கம் இந்தியாவிலே ஊரூராகத் திரிந்து வரைந்தார்கள். 1792இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டு மதுரைக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் போனார்கள். இருட்டுப்பெட்டி என்று சொல்லத்தக்க ஒரு கருவி அவர்களிடம் இருந்தது. வில்லையின் வழியே வரும் காட்சி ஒரு பரப்பிலே விழும். அதன்மேல் கடதாசியை வைத்துக் கோட்டைப் பிடித்துக்கொள்ளலாம். நிறம் பிறகு. அந்தப் பயணங்களிலிருந்து 144 படங்கள் கொண்ட பெருந்தொகுதி 1795க்கும் 1808க்கும் இடையே இலண்டனில் வெளிவந்தது. பாபநாசத்து அருவி அதிலே உண்டு. களக்காட்டுக்கு அருகிலிருந்து பார்த்த குமரிமுனை மலைகளும் உண்டு.

வில்லியத்தின் சகோதரரான சாமுவேல் டானியல் இலங்கைக்கே வந்து பல ஆண்டுகள் தங்கி, காடும் விலங்குமாக வரைந்து, 1811இல் இங்கேயே இறந்தார். அவருடைய இலங்கைப் படத்தொகுதியிலே திருகோணமலைத் துறைமுகம் பெரும் அழகோடு தோன்றுகிறது. பெல்பாஸ்ற் நகரத்து ஓவியர் அன்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்பு அக்கடமியிலே சித்திரம் கற்பிக்க வந்தார். 1848இல் குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்றின் பயணத்திலே சேர்ந்து காடுகளையும் பாழடைந்த நகரங்களையும் வரைந்தார். அந்த ஆண்டு கண்டிப் பகுதியிலே கிளர்ச்சி நடந்த ஆண்டு. ஓவியர் ஓரிடத்திலே அமைதியாக உட்கார்ந்து தூரிகை பிடிக்கும்போது, அதே நாட்டின் இன்னோர் இடத்திலே இராணுவச் சட்டம் அமுலில் இருந்தது. அவர் படங்கள் சில ரெனன்றின் 1859ஆம் ஆண்டு நூலை அலங்கரித்தன. எட்வேட் லியர் 1874இலும், மரியான் நோர்த் அம்மையார் 1876–77 காலத்திலும் இலங்கைக்கு வந்தார்கள். இருவரும் காலியிலும் கொழும்பிலும் கண்டியிலும் தென்மேற்குக் கரையிலும் தங்கி வரைந்தார்கள். நோர்த் அம்மையார் பின்னர் தூத்துக்குடியில் இறங்கி மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் போனார். அவருடைய எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இலண்டன் கியூ தாவரப் பூங்காவிலே, 1882இல் திறந்த அவருடைய பெயருக்குரிய மண்டபத்திலே சுவர் தெரியாமல் நிறைந்திருக்கின்றன.

இந்தப் பெயர்களை வரிசைப்படுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்களுள் ஒருவராவது யாழ்ப்பாணத்தைத் தம் கலையின் இலக்காகக் கொள்ளவில்லை. ஏன்?

அக்காலத்து ஆங்கில ஓவிய இரசனைக்கு ஓர் இலக்கணம் இருந்தது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் அதைப் பிரபலமாக்கியவர். படத்தின் முன்னே கருமையான ஒரு மரமோ பாறையோ நிற்கவேண்டும். நடுவிலே நீரோ பாழடைந்த கட்டடமோ வேண்டும். தூரத்திலே நீலமாக மங்கும் மலை வேண்டும். கண் படிப்படியாக உள்ளே போகவேண்டும். இந்த அளவுகோலைக் கையிலே வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தால் என்ன கிடைக்கும்? மலை இல்லை. ஆறு இல்லை. அருவி இல்லை. தரை உள்ளங்கைபோலத் தட்டை. அவர்களுடைய இலக்கணத்திலே எங்கள் நிலம் இலக்கணப் பிழை.

எங்களுக்கோ அது பிழையாகத் தெரியவில்லை. வலிகாமத்துச் செம்மண்ணிலே மழை விழுந்த மறுநாள் வரும் நிறம், தோட்டக் கிணற்றின் துலா ஏறி இறங்கும் கோடு, கிடுகு வேலிக்கு நடுவே சங்கடப்படலை, அதன் உள்ளே திண்ணை, அந்திப் பொழுதிலே கடல்நீரேரியின் மேல் பரவும் செம்மை, எல்லாவற்றுக்கும் பின்னே கறுத்த நிரையாய் நிற்கும் பனங்கூடல். தூரத்து மலை இல்லாத குறையை வானம் நிரப்பியது. மலை மறைக்காத முழு வானம் யாழ்ப்பாணத்திலே உண்டு. இதை வரைவதற்கு வேறு கண் வேண்டும். இரண்டு கிழமை தங்கிப்போகும் பயணிக்கு அந்தக் கண் எளிதில் வாய்க்காது.

நிலத்தைத் திணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் பூவும் பறவையும் வகுத்தவர்கள் தமிழர். சொல்லிலே நிலத்தை வரைவதில் எங்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். ஆனால் நிறத்திலே வரைந்தது கோயிற் சுவரும் தேர்ச்சீலையும். அங்கே தெய்வம் முன்னே வரும். நிலம் பின்னணியாகக்கூட வராது. ஊரையே பொருளாக வைத்து ஊரவர் ஒருவர் வரைவது, பாடசாலைச் சித்திரக் கல்வியோடு வந்த வழக்கம். அந்த வழக்கத்தையும் ஒரு வந்தவரே தூண்டிவிட்டார் என்பது வரலாற்றின் வேடிக்கை. சி. எவ். வின்சர் என்பவர் 1920இல் இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக வந்தார். பார்த்துப் பிரதிசெய்வதையே சித்திரம் என்று நினைத்த பாடசாலைகளிலே, தானாகப் பார்த்து வரைதல் என்ற எண்ணத்தை ஊன்றியவர்களுள் அவர் முக்கியமானவர். சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்திலே அமைத்த ஓவியக் கழகத்துக்கு வின்சரின் பெயரையே இட்டார். அந்த மரபின் வழியிலே ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஓர் ஓவியர் தலைமுறை உருவாயிற்று. குருநகரிலே 1933இல் பிறந்த அ. மாற்கு அந்தத் தலைமுறைகளை இணைத்த பாலம். தாம் வரைந்ததோடு நில்லாமல், நெருக்கடிக் காலத்திலும் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தவர் அவர்.

அந்த ஓவியங்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் நெஞ்சை அழுத்தும் பகுதி.

1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. பட்டினக் கோட்டைக்குள்ளே 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவத்திற் கட்டிய தேவாலயம், 1990ஆம் ஆண்டுக் கோட்டைச் சமரோடு அழிந்து கற்குவியலாயிற்று. 1995 ஒக்ரோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவிற் புறப்பட்டார்கள். கைதடிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தக் கூட்டத்திலே குழந்தையைச் சுமந்தவர் உண்டு, முதியவரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளியவர் உண்டு, காணி உறுதியை மடியிலே கட்டிக்கொண்டவர் உண்டு. சட்டமிட்ட ஓவியத்தை யார் தூக்கிக்கொண்டு போவார்? மாற்குவின் படைப்புகளுட் பல அந்த இடப்பெயர்விலே தொலைந்தன. வன்னிக்கும் மன்னாருக்குமாக அலைந்த அவர் 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

இப்போது இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். 1672இல் அச்சான மயிலிட்டித் தேவாலயத்தின் படம் ஐரோப்பாவின் நூலகங்களிலே கறைபடாமல் இருக்கிறது. மயிலிட்டி மக்களோ 1990இல் ஊரை விட்டு வெளியேறி, அதிலும் ஒரு பகுதியினரே, 2017இல் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தார்கள். இருபத்தேழு ஆண்டுகள் அந்த ஊரின் பிள்ளைகள் தம் ஊரைக் காணாமலே வளர்ந்தார்கள். ஊரைவிட்டுப் போன படம் பிழைத்தது. ஊரிலேயே இருந்த படம் ஊரோடு அழிந்தது. வந்தவர் வரைந்ததைக் கொண்டுபோனார் என்று குறை சொல்ல எனக்கு வாய் வருகிறது. கொண்டுபோனபடியால்தான் தப்பியது என்று நினைக்கும்போது அந்த வாய் அடைத்துப்போகிறது.

இதற்காக வந்தவருக்கு நன்றிப் பத்திரம் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அவர் எங்களுக்காக வரையவில்லை. பீரங்கியோடு வந்தவர்களின் பின்னே நின்று வரைந்தார். ஆனால் அவர் விட்டுச்சென்ற சான்றை வாசிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு; வாசிக்கும் முறையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பயண ஓவியத்தையும் மூன்று கேள்விகளோடு அணுகலாம். வரைந்தவர் எதற்காக வந்தார்? எந்த இடத்திலே நின்று பார்த்தார்? அவர் நின்ற இடத்திலிருந்து எது தெரியாது? முதற் கேள்விக்குப் பால்தேயுவின் விடை தேவாலயக் கணக்கு. இரண்டாம் கேள்விக்கு விடை ஆலய வளவு. மூன்றாம் கேள்விக்கு விடை நல்லூரின் வெறுமையும் இறப்பிலே செருகிய இலையும். இந்த மூன்றையும் கேட்டபின் மிஞ்சுவதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்வதிலே தயக்கம் வேண்டியதில்லை.

சங்கானைக்குப் போகிறவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். முருகைக்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்த பழைய தேவாலயத்தின் சுவர்கள் கூரையற்று அங்கே நிற்கின்றன. பால்தேயு நூலின் படப்பிரதி ஒன்றைக் கையிலே பிடித்துக்கொண்டு, சுவரையும் படத்தையும் மாறிமாறிப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் நின்றால் படமும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று தேடவேண்டும். அப்படித் தேடுகிறவர் தம்மை அறியாமலே அந்தப் பெயரில்லாத ஓவியரின் கண்ணுக்குள்ளே நின்றுவிடுவார். பிறகு திரும்பிப் பார்க்கவேண்டும். ஓவியரின் முதுகுப் பக்கம் இருந்ததுதான் எங்கள் ஊர்.

இன்று யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்து வரைகிறவர் யார்? பல வேளைகளிலே அவர் இந்த மண்ணிற் பிறந்தவரின் பிள்ளை. ரொறன்ரோவிலோ பாரிசிலோ இலண்டனிலோ வளர்ந்து, வேற்று நாட்டுக் கடவுச்சீட்டோடு பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கி, பேரனாரின் வளவைத் தேடிப் போகிறவர். வளவிலே வீடு இருக்கும் அல்லது அத்திவாரம் மாத்திரம் இருக்கும். கிணறு நிச்சயம் இருக்கும். அவர் சைக்கிளை வேலியிலே சாய்த்துவிட்டு, சிறிய வர்ணப்பெட்டியைத் திறந்து வரையத் தொடங்குகிறார். சோளகக் காற்றிலே நீர்வர்ணம் கடதாசியிற் பட்டதும் காய்ந்துவிடும். நிறத்தை நிறத்தோடு கலக்கவிட நேரம் கிடைக்காது. பக்கத்து வீட்டு அம்மா படலையைத் திறந்துகொண்டு வந்து, "தம்பி, நீங்கள் ஆற்றை பிள்ளை?" என்று கேட்கிறார். பால்தேயுவின் ஓவியரிடம் எவரும் கேட்டிராத கேள்வி அது. விடை சொன்னதும் அந்த அம்மா, "இதிலை ஒரு மாமரம் நிண்டது, செல் விழுந்து போச்சு" என்கிறார். வரைகிறவர் அந்த இடத்தை வெறுமையாக விடுவதா, மரத்தை வைத்து வரைவதா என்று யோசிக்கிறார்.

வந்தவர் என்றும் இருந்தவர் என்றும் நான் இதுவரை பிரித்துப் பேசியது அந்த இடத்திலே குழம்பிப்போகிறது. அந்தப் பிள்ளை வந்தவரும்தான், இங்கே இருக்கவேண்டியவரும்தான். பயணியாக நின்று வரைகிறார். ஆனால் இறப்பிலே செருகிய இலை எங்கே என்று அவருக்குச் சொல்லித்தர ஊரிலே ஆள் இருக்கிறது. தெரிந்த கண்ணும் புதிய கண்ணும் ஒன்றாகும் அரிய வாய்ப்பு அது.

அவருக்கும், ஊரிலிருந்தே வரையும் எங்கள் பிள்ளைகளுக்கும் பழைய பயண ஓவியர் ஒருவரிடமிருந்து ஒரு பழக்கத்தைச் சிபாரிசு செய்கிறேன். லியர் வெளியிலே நின்று வரையும்போது முதலிற் பென்சிலால் வேகமாகக் கோட்டை இழுப்பார். இடத்தின் பெயர், திகதி, நேரம், எங்கே என்ன நிறம் என்பதையெல்லாம் அந்தத் தாளிலேயே எழுதிவைப்பார். மையும் வர்ணமும் ஆறுதலாகப் பிறகு வரும். இந்தியாவிலும் இலங்கையிலும் அவர் வரைந்தவற்றிற் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்திலே இருக்கிறது. எந்தத் தாள் எந்த நாளிலே எந்த ஊரில் பிறந்தது என்று ஒருவரும் தடுமாற வேண்டியதில்லை. எங்கள் ஓவியர்களும் படத்தின் பின்னே ஊர், திகதி, நின்ற இடம், பக்கத்திலே நின்று கதை சொன்னவர் சொன்னது ஆகியவற்றை எழுதவேண்டும். எழுதியபின் பிரதி எடுக்கவேண்டும். எடுத்த பிரதியை ஒரே வீட்டிலே வைக்கக்கூடாது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கிலே இப்படிக் காத்துத் தருகிறது. ஓவியத்துக்கும் அந்த வழி உண்டு. ஓரிடத்திலே இருப்பது எரியும் என்பதை எங்களைவிட யார் அறிவார்?

வட்டுக்கோட்டை தேவாலயத்துக்குத் திரும்புவோம். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, பின்பு கைவிடப்பட்டுப் பாழாகி, 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் கைக்கு மாறிய வளவு அது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. ஞாயிறு காலையிலே ஒருவர் அதன் எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்து வரைந்தால், 1672ஆம் ஆண்டுப் படத்துக்குப் பக்கத்திலே வைக்க இன்னொரு படம் கிடைக்கும். அந்தப் படத்தின் அடியிலே வரைந்தவரின் பெயர் தமிழில் இருக்கட்டும்.